எடைக்கு வராத பழங்கள்

நியூஜெர்சியில் வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களாகிய எங்களுக்கு, மே மாதத்தின் கடைசி வாரம் வந்துவிட்டால் ஒரு பயணம் நினைவுக்கு வரும். காரில் மேற்கு நோக்கி இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகச் சென்றால் பென்சில்வேனியா மாநிலத்தின் லங்காஸ்டர் கவுண்டியை அடையலாம். அப்போது அங்கே ஸ்ட்ராபெரி பழுக்கும் பருவம். அது சில வாரங்களில் முடிந்துவிடும். பின்னர் ஜூலையில் இனிப்புச் சோளம், ஆகஸ்டில் தக்காளியும் பீச் பழமும், செப்டம்பரில் ஆப்பிள், அக்டோபரில் பூசணி என்று அந்த வயல்கள் நம்மை அழைத்துக்கொண்டே இருக்கும். நான்கைந்து குடும்பங்களாகச் சேர்ந்து, நெய்ச்சோறும் தொழுகை விரிப்பும் எடுத்துக்கொண்டு புறப்படுவது எங்கள் வழக்கம்.

சென்ற ஆண்டு நாங்கள் சென்றது, பழத்தை நாமே பறித்து, பறித்ததை எடை போட்டு விலை கொடுக்கும் ஒரு தோட்டம். பிள்ளைகள் பறித்ததைவிடத் தின்றதே அதிகம். உண்மையைச் சொன்னால், பெரியவர்களாகிய நாங்களும் சளைக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வாளிகளைத் தராசில் வைத்தோம், சொன்ன தொகையைக் கொடுத்தோம், காரில் ஏறினோம். அப்போதுதான் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று கேட்டது: "வாப்பா, வாளியில இருந்ததைத்தானே எடை போட்டாங்க? வயித்துல இருக்கிறதுக்கு யார் காசு கொடுக்கிறது?"

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பின், எங்களோடு வந்திருந்த வயதில் மூத்த பெரியம்மா ஒருவர், "புள்ள கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லலையே வாப்பா" என்றார். வீடு வரும்வரை அந்தக் கேள்வி எங்களோடு வந்தது.

சில பழங்களுக்காக இவ்வளவு பேச்சா என்று சிலர் நினைக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை பழத்தின் விலையை மட்டும் கேட்கவில்லை. யாரும் பார்க்காத இடத்தில் நம் கொடுக்கல் வாங்கல் எப்படி இருக்கிறது என்றும் கேட்டது. இந்தக் கேள்வியை லங்காஸ்டரின் சாலையோரங்கள் கேட்பதைப் போல் வேறெங்கும் நாங்கள் கண்டதில்லை.

அந்தக் கவுண்டியின் கிராமப்புறச் சாலைகளில், பண்ணை வீடுகளின் வாசலில் சிறிய கடைகள் இருக்கும். ஒரு மேசை, மேலே ஒரு கூரை, கையால் எழுதிய விலைப் பலகை, அடுக்கி வைத்த சோளக் கதிர்கள், முட்டைகள், தேன். பல கடைகளில் விற்பவர் எவரும் இருப்பதில்லை. மூடியில் துளையிட்ட ஒரு பணப்பெட்டி மட்டும் இருக்கும். எடுத்துக்கொண்டதற்கு உரிய பணத்தை அதில் போட்டுவிட்டுச் செல்ல வேண்டும். சில்லறை வேண்டுமானால் நாமே எண்ணி எடுத்துக்கொள்ள வேண்டும். கண்காணிக்க ஆளில்லை. கடைக்காரர் அந்நேரம் வயலில் குதிரைகளைப் பூட்டி வேலை செய்துகொண்டிருப்பார்.

இக்கடைகளில் பல, ஆமிஷ் எனப்படும் கிறித்தவ மக்களுடையவை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். இன்றும் குதிரை வண்டியில் செல்கிறார்கள். வீட்டில் ஜெர்மன் மொழியின் ஒரு வட்டார வழக்கைப் பேசுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வியாபாரம் செய்வதில்லை. அவர்களுடைய மார்க்கம் வேறு, நம்முடைய மார்க்கம் வேறு. ஆயினும் முன்பின் அறியாத நம்மை நம்பி, தம் உழைப்பின் பலனைத் தெருவோரத்தில் வைத்துவிட்டுச் செல்கிறார்கள். அந்தப் பெட்டியின் முன் நிற்கும்போது, நம் கையில் இருப்பது சோளக் கதிர் மட்டுமல்ல, ஓர் அமானிதமும்தான்.

அளவையில் மோசம் செய்வோரைப் பற்றி எச்சரித்தே திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. தமக்கு வரவேண்டியதை நிறைவாக வாங்கிக்கொண்டு, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களை அது கண்டிக்கிறது. இதைக் கடைக்காரருக்கு மட்டும் உரிய எச்சரிக்கையாகவே நாம் படித்துவிட்டோம். வாங்குபவரும் குறைத்துக் கொடுக்கக்கூடும். பெட்டியில் ஐந்து டாலர் போட வேண்டிய இடத்தில், சில்லறை இல்லை என்று நான்கு டாலர் போடுவது குறைத்தல்தான். பன்னிரண்டு கதிருக்கு விலை கொடுத்துப் பதினான்கு எடுப்பதும் குறைத்தல்தான்.

தோட்டத்தைக் கடந்து செல்பவர் அதன் கனியை உண்ணலாம், ஆனால் மடியில் கட்டிக்கொண்டு போகக் கூடாது என்ற கருத்தில் திர்மிதியில் ஒரு ஹதீஸ் இருக்கிறதே என்று கேட்போர் உண்டு. இதன் விளக்கத்தில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பசித்த வழிப்போக்கருக்கான சலுகை என்று கூறுவோரும் அவர்களில் இருக்கிறார்கள். நாங்களோ வயிறு நிறைய நெய்ச்சோறு உண்டுவிட்டு, எடைக்கு விலை என்ற உடன்பாட்டின் பேரில் உள்ளே நுழைந்தவர்கள். சில தோட்டங்கள் ஒன்றிரண்டு பழங்களைச் சுவைத்துப் பார்க்க அனுமதிக்கின்றன, சில அனுமதிப்பதில்லை. எனவே நுழையும்போதே கேட்டுவிடுவதுதான் முறை. கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். நாங்கள் அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடவில்லை.

ஜூலையில் சோளம் வாங்கச் சென்றபோது அதே தோட்டத்துக்குப் போனோம். நடந்ததைச் சொல்லி ஒரு தொகையை நீட்டினோம். தராசருகே இருந்த பெண்மணி சற்று நேரம் எங்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிள்ளைகள் தின்பது தமக்குத் தெரியும், விலை வைக்கும்போதே அதை நினைவில் கொள்வோம் என்றார். பிள்ளைகளின் பங்கை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார். பெரியவர்களின் பங்கை வாங்கி மேசை அறையில் போட்டுக்கொண்டார். கேள்வி கேட்ட பிள்ளை அருகில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனை வகுப்புகளில் அமர்த்தினாலும் அந்த ஐந்து நிமிடப் பாடத்தை எங்களால் கற்றுக்கொடுத்திருக்க முடியாது.

பேரம் பேசுவதைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் மக்கள் உணவுக்காகச் செலவிடும் ஒவ்வொரு டாலரிலும் விவசாயியைச் சென்றடைவது ஏறத்தாழ 15 சென்ட்தான் என்று அந்நாட்டு வேளாண்மைத் துறையின் கணக்கு சொல்கிறது. மற்றவை பதப்படுத்துவோர், ஏற்றிச் செல்வோர், விற்போர் ஆகியோருக்குச் செல்கின்றன. பண்ணை வாசலில் வாங்கும்போதோ, நாம் கொடுக்கும் பணம் விதைத்தவரின் கைக்கே நேராகப் போகிறது. பெரிய கடைகளில் அச்சிட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டு, வியர்வை காயாத ஒரு விவசாயியிடம் மட்டும் ஒரு டாலரைக் குறைக்கச் சொல்வது எவ்வகை நியாயம்?

நேரில் வாங்குவதால் நமக்கும் நன்மை உண்டு. செய்தவரிடமே கேட்டுத் தெளிவு பெறலாம். அங்கு விற்கும் சில பழப் பணியாரங்களின் மேலோட்டில் பன்றிக் கொழுப்பைச் சேர்க்கும் பழைய வழக்கம் உண்டு. என்ன கொழுப்பு என்று கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். இலையுதிர் காலத்தில் விற்கும் 'ஆப்பிள் சைடர்' அந்நாட்டில் பெரும்பாலும் வடிகட்டாத, புளிக்காத சாறுதான். 'ஹார்ட்' என்ற சொல் முன்னே இருந்தால் அது மது. இவ்வளவு தெரிந்தால் ஹலாலைப் பேணுவது எளிது.

இன்னொன்றையும் நினைவில் வைப்போம். ஆமிஷ் மக்கள் தம் முகத்தைப் படம் எடுப்பதை விரும்புவதில்லை. கைப்பேசியை உயர்த்திக்கொண்டு அவர்களுடைய பிள்ளைகளின் பின்னால் செல்வது, நம் பெண்களின் முக்காட்டை வேடிக்கைப் பொருளாக்கும் அந்நியர்களின் செயலைப் போன்றதே. நமக்கு எது நோகுமோ அது அவர்களுக்கும் நோகும்.

பாலைவனத்தில் வாழ்ந்த ஸாஹிர் (ரலி) என்ற எளிய தோழர், தம் கிராமத்துப் பொருள்களை நபி (ஸல்) அவர்களுக்கு அன்பளிப்பாகக் கொண்டு வருவார். அவர் ஊர் திரும்பும்போது நபியவர்கள் அவருக்கு வேண்டியவற்றைக் கொடுத்தனுப்புவார்கள். அவர் நமக்குக் கிராமம், நாம் அவருக்கு நகரம் என்ற பொருளில் அன்போடு பேசியும் இருக்கிறார்கள். கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடையே கொடுத்து வாங்கும் உறவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட அழகிய முன்மாதிரி நமக்குத் தேவையில்லை.

இந்தக் கோடையிலும் புறப்படுவோம், இன்ஷா அல்லாஹ். நெய்ச்சோற்றோடு சில்லறைப் பையும் எடுத்துக்கொள்வோம். பெட்டியில் பணம் போடும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுப்போம். அவர்களே எண்ணட்டும், அவர்களே போடட்டும். தராசுக்கு வராததையும் அறிந்தவன் ஒருவன் இருக்கிறான் என்பது, அந்தச் சிறு கைகள் நாணயத்தை விடும் ஓசையோடு அவர்கள் நெஞ்சில் பதியட்டும். நம் உணவையும் நம் வணிகத்தையும் தூய்மையாக்கி, அதில் பரக்கத் செய்ய அல்லாஹ் போதுமானவன். ஆமீன்.