பிளேம்னு பேர் வெச்சவனைச் சொல்லணும்

போன வாரம் ஒரு பாவம் பண்ணிட்டேன் மக்களே. பில்லிங் கோடுல தள்ளுபடி ரெண்டு தடவை கழிஞ்சு வந்துச்சு. வழக்கம்போல 'கிட் பிளேம்' போட்டேன். ஒவ்வொரு லைனுக்கு நேராவும் ஒரு ஆள் பேரு காட்டுமே, அதான். தப்பான லைனுக்கு நேரா, டீம்ல புதுசா சேர்ந்த தம்பி பேரு. கூப்பிட்டு, நாலு பேர் முன்னாடி வெச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். திருதிருன்னு முழிச்சுட்டுப் போனான்.

சாயங்காலம் என்னவோ உறுத்துச்சு. 'கிட் லாக்'ல பெரிய எஸ் ஆப்ஷன் போட்டு, அந்த லைன்ல இருந்த ஃபங்ஷன் பேரைத் தேடினேன். அந்தப் பேரு எந்த கமிட்ல நுழைஞ்சுது, எதுல காணாமப் போச்சுன்னு மட்டும் இது காட்டும். வெறும் இடைவெளியை மாத்தின கமிட்டையெல்லாம் கண்டுக்காது. பார்த்தா, எழுதினது எப்பவோ வேலையை விட்டுப் போன சீனியர். தம்பி பண்ணினது, ஃபார்மேட்டரை ஓட்டி கோடை அடுக்கி வெச்சது மட்டும்தான். அதுவும் நான் சொன்னேன்னு.

பிளேம் சொல்றது 'கடைசியா தொட்டது யாரு'ங்கறதை மட்டும். லினக்ஸ் கர்னலையே எடுத்துக்குங்க. அதோட கிட் வரலாறு 2005 ஏப்ரல்லதான் ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி எழுதி, அப்புறம் யாரும் தொடாத லைனுக்கெல்லாம் பிளேம் போட்டா லினஸ் டோர்வால்ட்ஸ் பேர்தான் வரும். அத்தனையும் அவரா எழுதினாரு? (சப்வெர்ஷன்காரங்க குசும்பு பிடிச்சவங்க. அதுல 'பிளேம்'னு அடிச்சாலும் 'பிரெய்ஸ்'னு அடிச்சாலும் ஒரே பட்டியல்தான் வரும்!)

ஃபார்மேட்டர் தொல்லைக்கு மருந்து 2019லயே, கிட் 2.23ல வந்தாச்சு. தவிர்க்க வேண்டிய கமிட்டை ஒரு ஃபைல்ல எழுதிக் கொடுத்தா, பிளேம் அதைத் தாண்டிப் பின்னாடி போகும். எங்க டீம்ல போன வாரம் வரைக்கும் அப்படி ஒரு ஃபைல் கிடையாது.

ஆனா என் கோபம் டூல் மேல இல்லை. சீனியரோட கமிட்டைத் திறந்தேனே, மெசேஜ்ல என்ன இருந்துச்சு தெரியுமா? "ஃபிக்ஸ்". அவ்ளோதான். எதை, ஏன், யாரு கேட்டு? ஏதாவது கஸ்டமருக்காக வேணும்னே ரெண்டு தடவை கழிச்சாரா, இல்ல தூக்கக் கலக்கத்துல எழுதினாரா? எவ்வளவு நல்ல டூலை வெச்சுத் தோண்டினாலும், போட்டு வெச்சாதானே கிடைக்கும்? ரெண்டு வாக்கியம் காரணம் எழுத எவ்வளவு நேரம் ஆயிடும்? நானும் யோக்கியன் இல்லை. என் பேர்ல தேடினா 'சின்ன மாற்றம்'னு ஏகப்பட்டது சிக்குது.

மறுநாள் அதே நாலு பேர் முன்னாடி தம்பிகிட்ட சாரி கேட்டேன். "பரவால்லண்ணே"ன்னான். அந்த லைன் இன்னும் அங்கயேதான் இருக்கு. எடுத்தா எந்தக் கஸ்டமர் கத்துவாங்கன்னு யாருக்கும் தெரியலை.