‘இதைப் போல’ என்றால் எதைப் போல?

2020 செப்டம்பர் 2ஆம் நாள், பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளை இந்திய அரசு தடை செய்தது. அன்றிரவு எங்கள் வகுப்பின் வாட்ஸப் குழுவில் ஒரே கேள்விதான்: பப்ஜியைப் போல வேறு என்ன இருக்கிறது? நாங்கள் நால்வர், மொழியியல் முதுகலை மாணவர்கள். பெருந்தொற்றால் விடுதி மூடப்பட்டு, கவுகாத்தி, ராஞ்சி, கோழிக்கோடு, தென்காசி என அவரவர் ஊரில் முடங்கியிருந்தோம். இரவு பத்து மணிக்கு மேல் அந்த ஆட்டத்தில் ஓர் அணியாகக் குதிப்பதுதான் எங்களுக்கு எஞ்சியிருந்த விடுதி.

கேள்விக்கு இணையத்தில் விடைப் பஞ்சமில்லை. ‘பப்ஜிக்கு மாற்றாகப் பத்து ஆட்டங்கள்’ என்ற வகைப் பட்டியல்களில் கால் ஆஃப் டூட்டி மொபைல் தவறாமல் இருந்தது. அதற்குப் போனோம். துப்பாக்கி, வரைபடம், அணி, எதிரணி எல்லாம் இருந்தன. மூன்றே வாரத்தில் ராஞ்சி நண்பன் வருவதை நிறுத்திவிட்டான்.

குறிபார்த்துச் சுடுவதில் எங்களுள் கடைசி அவன்தான். பப்ஜியில் 100 பேர் ஒரு தீவில் இறங்கி, ஆயுதம் பொறுக்கி, வீடு வீடாக ஏறி இறங்கி, நெடுநேரம் எதிரியையே காணாமல் நடக்க நேரும். அந்த நடையில்தான் பேச்சு நிகழும். தன் அப்பாவுக்கு வேலை போன செய்தியை அவன் எங்களிடம் சொன்னது அப்படியொரு நடையின்போதுதான். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டாத, கைகளுக்கு வேறு வேலை இருந்த ஒரு நேரம் அது. புதிய ஆட்டத்திலும் பெருங்களம் ஒன்று உண்டு. ஆனால் எங்களில் இருவருக்கு வேகம் பிடித்திருந்ததால், ஐவர்க்கு ஐவர் மோதும் குறுஞ்சுற்றுகளையே ஆடிக்கொண்டிருந்தோம். விழுந்த சில நொடியில் மறுபிறப்பு, பேச இடமில்லை. தன் ஊரில் இணைய வேகம் போதவில்லை என்று அவன் காரணம் சொன்னான். நாங்களும் நம்பினோம்.

எங்கள் சிறு குழுவுக்கு நேர்ந்தது நாட்டளவிலும் நேர்ந்தது. தடை வந்த இரண்டாம் நாளே ஃபௌ-ஜி என்ற உள்நாட்டு ஆட்டத்தை நடிகர் அக்‌ஷய் குமார் அறிவித்தார். 2021 ஜனவரி 26 அன்று அது வெளிவந்தது. பலரும் அதைப் பப்ஜியின் மாற்று என்றே எதிர்பார்த்திருந்தார்கள். வெளியானபோது அதில் இருந்ததோ, கல்வான் பள்ளத்தாக்கைக் களமாகக் கொண்டு, ஒருவர் தனியே ஆடும், பெரும்பாலும் கைகலப்பால் நகரும் ஒரு கதைப்பகுதி. சீருடை ஒத்திருந்தது, போர் ஒத்திருந்தது, பெயரின் ஈற்றொலிகூட ஒத்திருந்தது. (ஈற்றொலியை ஒப்புமைக்கு இலக்கணமாகக் கொண்டவர் விளம்பரத் துறையினர் மட்டுமே.) நண்பர்களோடு சேர்ந்து குதிக்கும் வழி மட்டும் அன்று அதில் இல்லை. அந்த ஆட்டத்தின் தரத்தை நான் இங்கே எடைபோடவில்லை. ‘இதைப் போன்றது’ என்று நாம் சொல்லும்போது எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதே என் கேள்வி.

இதற்குத் தமிழில் பழையதொரு விடை இருக்கிறது. ஒப்புமை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பிய உவமவியல் வினை, பயன், மெய், உரு என்னும் நான்கைக் கூறுகிறது. செயலால் ஒத்தல், விளையும் பயனால் ஒத்தல், வடிவால் ஒத்தல், நிறத்தால் ஒத்தல். வீடியோ விளையாட்டுகளின் வகைப்பெயர்களை இந்த நான்கின் முன் நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலானவை மெய்யிலும் உருவிலும் நின்றுவிடுகின்றன. மிஞ்சிப்போனால் வினையைத் தொடுகின்றன. 1990களில் டூமின் வழிவந்தவற்றை ‘டூம் க்ளோன்’ என்றே அழைத்தார்கள். 1980இல் வந்த ரோக் என்னும் ஆட்டத்தின் பெயரால் ‘ரோக்லைக்’ என ஒரு வகையே இன்றும் வாழ்கிறது. அந்த ‘லைக்’ எதைக் குறிக்கிறது என்று வரையறுக்க 2008இல் பெர்லினில் படைப்பாளர்கள் கூடிப் பேசினார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும் களம், மீளாத சாவு, முறைவைத்து ஆடல், கட்டங்களாலான தளம் என்று ஒரு பட்டியல் பிறந்தது. நல்ல பட்டியல்தான். ஆயினும் அதில் உள்ளவை எல்லாம் ஆட்டத்தின் உறுப்புகள். ஆடுபவர் எதற்காக அங்கே வருகிறார் என்பது அதில் இல்லை.

பயனால் ஒத்தல் வேறு மாதிரியானது. வள்ளலின் கையை மழையோடு ஒப்பிடுவதை அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். கைக்கும் மழைக்கும் வடிவில் ஓர் ஒற்றுமையும் கிடையாது. பெறுபவரின் பக்கம் நின்று பார்த்தால் மட்டுமே இரண்டும் ஒன்று. இங்கிருந்து நான் ஓரடி மேலே போகிறேன்; உரையாசிரியர்கள் போகவில்லை, இது என் துணிவு. மழை உழவருக்குப் பயன். உப்பளத்தில் பாத்தி கட்டியிருப்பவருக்கு அதே மழை இழப்பு. ஆகவே பயனால் ஒத்தல் என்றவுடன் ‘யாருக்கு’ என்ற கேள்வி கூடவே வந்துவிடுகிறது. மெய்யும் உருவும் ‘யாருக்கு’ என்று கேட்பதில்லை.

2021 தொடக்கத்தில் கோழிக்கோட்டுத் தோழி ஒரு காரியம் செய்தாள். நால்வரையும் தொலைபேசியில் ஒருசேர இணைத்துக்கொண்டு லூடோ கிங் ஆட அழைத்தாள். ராஞ்சி நண்பன் வந்தான். மறுநாளும் வந்தான். லூடோவில் தீவில்லை, துப்பாக்கியில்லை. ஆனால் ஒருவர் பகடை உருட்டும் வரை மற்ற மூவர் காத்திருக்கும் இடைவெளி இருந்தது. அவனுக்குப் பப்ஜியைப் போன்ற ஆட்டம் அதுவாகவே இருந்திருக்கிறது. கவுகாத்தி நண்பனுக்குக் கால் ஆஃப் டூட்டி உண்மையிலேயே சரியான மாற்று. அனிச்சையாய்ச் சுடும் அந்த நொடிக்காகவே அவன் வந்திருந்தான். பொருள்களைப் பொறுக்கிப் பையை ஒழுங்குபடுத்துவதில் களித்த கோழிக்கோட்டுத் தோழி, பின்னர் ஸ்டார்ட்யூ வேலி என்னும் பண்ணை ஆட்டத்தில் போய்ச் சேர்ந்தாள். எனக்கோ, சற்று வெட்கத்தோடு சொல்கிறேன், தரவரிசையில் ஏறும் எண்தான் போதை. இணையச் சதுரங்கத் தளத்தின் மதிப்பெண் அந்த இடத்தை அலுங்காமல் நிரப்பிவிட்டது. ஓர் ஆட்டம், நான்கு ‘போல’கள்.

ஆய்வுலகம் இதை அறியாமல் இல்லை. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் தொடங்கிய முதல் ‘மட்’ ஆட்டத்தின் படைப்பாளருள் ஒருவரான ரிச்சர்ட் பார்ட்டில், 1996இல் ஒரு கட்டுரை எழுதினார். மக்கள் இத்தகைய ஆட்டத்திலிருந்து எதை விரும்புகிறார்கள் என்று மூத்த ஆட்டக்காரர்கள் நடத்திய நெடிய விவாதம் அதன் வித்து. சாதிப்போர், துழாவுவோர், பழகுவோர், பிறரைத் தாக்கி மகிழ்வோர் என்று நால்வகை ஆட்டக்காரர்களை அவர் வகுத்தார். வகைகளின் கவர்ச்சி பெரிது. இன்றும் வடிவமைப்பு வகுப்புகளில் அதுவே முதல் பாடம். ஒருவர் ஒரு வகைக்குள் மட்டுமே அடங்குவார் என்பதற்கு என்ன சான்று என்று நிக் யீ கேட்டார். 3000 இணைய ஆட்டக்காரர்களின் விடைகளைக் காரணிப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தி, 2006இல் பத்துக் கூறுகளையும், சாதனை, உறவு, ஆழ்தல் என அவற்றுக்கு மேலான மூன்று தொகுதிகளையும் காட்டினார். மனிதர் பெட்டிகள் அல்லர்; ஒவ்வொருவரும் பல அளவுகோல்களில் வெவ்வேறு உயரத்தில் நிற்பவர். பின்னர் அவர் நிக்கோலா டூஷெனோவுடன் தொடங்கிய குவான்டிக் ஃபவுண்ட்ரி, போட்டி, கூட்டு, உத்தி, கதை, கண்டறிதல் முதலாகப் பன்னிரண்டு உந்துதல்களை அளக்கிறது. வினாநிரலுக்கு விடை சொன்னால் உங்கள் உந்துதல் வரைவு கிடைக்கும். அதற்கேற்ற ஆட்டங்களும் பரிந்துரைக்கப்படும்.

இதனை நான் மனமார வரவேற்கிறேன். மாற்று வழி என்ன என்று பார்த்தால் காரணம் விளங்கும். ஸ்டீம் கடை 2019இல் வெளியிட்ட ஊடாட்டப் பரிந்துரைப்பான், குறிச்சொற்களையோ விமரிசனங்களையோ நம்பாமல், யார் எதை எவ்வளவு நேரம் ஆடினார்கள் என்பதிலிருந்து கற்கும் நரம்பணி வலை. சொற்கள் எந்தச் சூழலில் வருகின்றன என்பதைக் கொண்டே அவற்றின் பொருளை அணுகும் ஹாரிஸ், ஃபிர்த் மரபில் வளர்ந்த எனக்கு அதன் அழகு தெரிகிறது. ஆனால் நேரம் என்பது காரணம் அன்று. நாள்தோறும் உள்நுழைந்தால்தான் பரிசு என்று மிரட்டும் ஆட்டத்தில் கழிந்த நூறு மணி நேரமும், விரும்பிக் கரைந்த நூறு மணி நேரமும் அந்தக் கணக்கில் ஒன்றே. எங்கள் நால்வரின் பப்ஜி நேரமும் ஏறத்தாழ ஒன்றாகவே பதிவாகியிருக்கும்; சேர்ந்துதானே ஆடினோம்.

என் மனக்குறை வேறு இடத்தில் இருக்கிறது: அந்தப் பன்னிரண்டு யாருடைய பன்னிரண்டு? ஏன் ஆடுகிறாய் என்று நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஓர் இளைஞரைக் கேட்டால் முதலில் வரும் சொல் ‘டைம்பாஸ்’. அந்தப் பட்டியலில் அப்படியொரு பெயர் இல்லை. அதை வெறும் சோம்பல் என்று தள்ளிவிடவும் முடியாது. மீரட் நகரில் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த இளைஞர்களைப் பற்றிக் கிரெய்க் ஜெஃப்ரி 2010இல் எழுதிய நூலின் தலைப்பே அந்தச் சொல்தான். காத்திருப்பு, அதில் ஊறும் தாழ்வுணர்ச்சி, அதைச் சேர்ந்து கழிக்கும் தோழமை அனைத்தும் அந்த ஒரு சொல்லுக்குள் கிடக்கின்றன. ராஞ்சி நண்பனின் ‘சும்மாதான் வந்தேன்’ என்பதைக் ‘கூட்டு’ என்ற கட்டத்தில் குறித்தால் பாதிதான் பிடிபடும். ‘கெத்து’ என்பதைப் ‘போட்டி’ என்று பெயர்த்தாலும் அப்படியே.

இங்கே என் ஆய்வுப் பொருள் குறுக்கே வருகிறது, பொறுத்தருள்க. ‘எனக்குப் பிடிக்கும்’ என்பதில் அனுபவிப்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். மலையாளத்திலும் இந்தியிலும் அவ்வாறே. அசாமியில் அந்த இடத்தில் ஆறாம் வேற்றுமை வரும். எங்கள் நால்வரின் மொழிகளிலும் விருப்பம் என்பது நான் செய்யும் செயலாக மட்டும் இல்லை, எனக்கு நேர்வதாகவும் இருக்கிறது. ‘ஆட்டத்தில் எனக்கு இது மிக முக்கியம், ஓரளவு முக்கியம், முக்கியமன்று’ என்று ஐந்து புள்ளிகளில் ஒன்றைத் தேர்வதும், ‘எனக்கு என்ன நேர்ந்தது’ என்று ஒரு வாக்கியம் சொல்வதும் ஒரே தரவைத் தருவதில்லை என்பது என் ஐயம். இணைய விமரிசனங்களில் ‘கேம்ப்ளே’ என்ற சொல்லுக்கு முன்வரும் பெயரடைகளை மட்டுமே திரட்டி, ஆட்ட அனுபவத்தின் சொல்வளத்தை ஹோசே ஸகாலும் நோரிகோ டொமுரோவும் ஆங்கிலத்தில் ஆராய்ந்தார்கள். அதைப் போன்ற ஒன்றைத் தமிழிலும் வங்காளத்திலும் செய்ய நமக்கு என்ன தடை?

தன் உந்துதலைத் தானே அறிவார் எவர் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். இணைய வேகம் என்று சொன்ன நண்பன் பொய் சொல்லவில்லை, அவனுக்கே தெரிந்திருக்கவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். ஆடிக்கொண்டிருந்தவரை எங்களில் எவராலும் ‘ஏன்’ என்பதற்கு விடை சொல்ல முடியவில்லை. ஆட்டம் போன பிறகு எதைத் தேடித் தவித்தோம் என்பது ஒவ்வொருவருக்கும் துல்லியமாக இருந்தது. ‘உனக்கு என்ன பிடிக்கும்’ என்பதைவிட ‘அது இல்லாதபோது எதை இழந்தாய்’ என்பது நல்ல வினா என்று எண்ணுகிறேன். எதற்காக வருகிறோம் என்று அறிந்தவருக்கு நம்மைப் போகவிடாமல் கட்டிவைக்கும் வழியும் தெரிந்துவிடும் என்ற அச்சமும் எனக்கு உண்டு. அதனால்தான் இந்த வினாவை விற்பவர்களின் கையில் மட்டும் விட்டுவைக்க மனம் ஒப்பவில்லை.

பப்ஜியின் இந்தியப் பதிப்பு 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தது. நால்வரும் தரவிறக்கினோம். இரண்டு இரவு ஆடினோம். மூன்றாம் இரவு ராஞ்சி நண்பன்தான், லூடோ ஆடலாமா என்று கேட்டான்.

இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கைவிட்டுப்போன ஓர் ஆட்டம் உங்களுக்கும் இருக்கும்: தடையால், சேவையகம் மூடியதால், அல்லது உடன் ஆடியவர் விலகியதால். அதில் எதை இழந்தீர்கள் என்று உங்கள் தாய்மொழியில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். ‘எனக்கு’ என்று தொடங்கினால் மகிழ்வேன். தொடங்காவிட்டால் என் ஆய்வேட்டுக்கு இன்னும் நல்லது.