சாய்ஞ்ச கோடு... சரிஞ்ச புராஜெக்ட்!

ஃபைனல் இயர் மக்களே, ஒரு நிமிஷம்! உங்க லேப்டாப்ல ஜம்முனு ஓடுற புராஜெக்ட், ரிவ்யூ அன்னிக்கு லேப் கம்ப்யூட்டர்ல மட்டும் 'ஃபைல் நாட் ஃபவுண்ட்'னு மக்கர் பண்ணுதா? புரோகிராமை நோண்டுறதுக்கு முன்னாடி கான்ஃபிக் ஃபைலைத் திறங்க. ஃபைல் எங்கே இருக்குன்னு சொல்ற 'பாத்'தைப் பாருங்க. வில்லன் அங்கே ஒளிஞ்சிருக்கலாம்!

முதல் வில்லன், பேக்ஸ்லாஷ். 1981-ல் வந்த முதல் டாஸ்ல ஃபோல்டரே கிடையாது. கமாண்டுக்கு ஆப்ஷன் கொடுக்கத்தான் '/' குறி. 1983-ல் டாஸ் 2.0 ஃபோல்டர்களைக் கொண்டுவந்தப்போ '/' ஏற்கெனவே புக் ஆகியிருந்ததால, '\' அந்த வேலைக்கு வந்துச்சு. ஆனா, சி மொழி பாணியில் வந்த பல மொழிகளில் '\' என்றால் 'அடுத்து வர்ற எழுத்து ஸ்பெஷல்'னு அர்த்தம். மோதல் ஆரம்பம்!

ஜேசான்ல 'சி:\டெம்ப்\நியூ' என்பதை இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிச்சுப் பாருங்க. '\' கூட 'டி' சேர்ந்து டேப் ஆகிடும். 'என்' சேர்ந்து புது வரி ஆகிடும். படிக்கும்போது கம்முனு இருந்துட்டு, ஃபைலைத் தேடும்போது கழுத்தறுக்கும். 'சி:\யூசர்ஸ்'னு அடிச்சா, படிக்கும்போதே எர்ரர் வந்துடும். அது எவ்வளவோ தேவலை பாஸ்!

மருந்து சிம்பிள். ஜேசான்னா '\\'னு ரெண்டு தடவை போடுங்க. டாமெல், யாமல்னா ஒற்றை மேற்கோளுக்குள்ளே எழுதுங்க. '\' அப்படியே '\'-ஆகவே இருக்கும். இல்லேன்னா '/' போடுங்க. பெரும்பாலான இடங்களில் விண்டோஸும் அதை ஏத்துக்கும், லினக்ஸும் ஏத்துக்கும்.

அடுத்த வில்லன், ரிலேட்டிவ் பாத். 'டேட்டா ஃபோல்டருக்குள்ளே பார்'னு எழுதினா, எந்த இடத்திலிருந்து பார்க்கணும்? பெரும்பாலும் புரோகிராமை எந்த ஃபோல்டர்ல நின்னு ஸ்டார்ட் பண்றீங்களோ, அங்கிருந்துதான். நின்ன இடம் மாறினா ஃபைல் காணாமப்போயிடும். அதனால, கான்ஃபிக் ஃபைல் இருக்கிற ஃபோல்டரைத் தொடக்கமா வெச்சு, மீதிப் பாத்தை அதோட சேர்க்கச் சொல்லி புரோகிராம்ல எழுதிடுங்க. பைத்தான்ல இதுக்குன்னே 'பாத்லிப்' இருக்கு.

குட்டி வில்லன்கள் ரெண்டு. '~' போட்டா ஹோம் ஃபோல்டர்னு புரிஞ்சுக்கிறது ஷெல்தான். கான்ஃபிக் ஃபைலுக்கு அது வெறும் எழுத்து. அப்புறம், பெரிய 'டி', சின்ன 'டி' வித்தியாசத்தை விண்டோஸ் வழக்கமா கண்டுக்காது. லினக்ஸ் விடவே விடாது.

ஸோ, ரிவ்யூவுக்கு ரெண்டு நாள் முன்னாடி புராஜெக்ட்டை அப்படியே ஃப்ரெண்டோட கம்ப்யூட்டர்ல, வேற பேர் உள்ள ஃபோல்டர்ல போட்டு ஓட்டிப் பாருங்க. நாலு பேர் ஒரு செமஸ்டர் முழுக்கக் கண்முழிச்ச உழைப்பு, ஒரு சாய்ஞ்ச கோட்டால சாயலாமா?

ஆல் தி பெஸ்ட்! அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்.