ஏட்டில் முடியாத தண்டனை

சிறையிலிருந்து விடுதலையாகி வருவோரின் மறுவாழ்வு குறித்துத் தமிழ்நாட்டில் எழும் பேச்சு பெரும்பாலும் தொழிற்பயிற்சியில் தொடங்கி நல்லொழுக்க வகுப்போடு முடிந்துவிடுகிறது. புழல் மத்திய சிறையில் தையலும் ரொட்டித் தயாரிப்பும் கற்றுத்தரப்படுகின்றன. சிறைத்துறையின் பெட்ரோல் பங்குகளில் தண்டனைச் சிறைவாசிகள் ஊதியத்துக்கு வேலை செய்கின்றனர். 2023 ஆகஸ்டில் பெண் சிறைவாசிகளே நடத்தும் பங்க் ஒன்றும் புழலில் திறக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவையே. ஆயினும், வடசென்னையின் புளியந்தோப்புக்குத் திரும்பிவரும் ஓர் இளைஞரின் அடுத்த பத்தாண்டுகளைத் தீர்மானிப்பது உள்ளே அவர் கற்ற தொழிலைவிட, காவல் நிலையத்தில் அவர் பெயரில் திறந்து கிடக்கும் சரித்திரப் பதிவேடுதான் என்பதால், சிறைவாசிகளுக்காகப் பாடுபடும் தொண்டு நிறுவனங்களின் கவனம் அந்த ஏட்டின் மீது திரும்ப வேண்டும்.

சரித்திரப் பதிவேடு, அதாவது வட்டாரப் பேச்சில் 'ஹிஸ்டரி ஷீட்' எனப்படுவது, ஒருவர் மீண்டும் குற்றம் புரியக்கூடும் எனக் காவல்துறை கருதும்போது அவரைக் கண்காணிப்பதற்காக நிலையத்தில் பேணும் உள் ஆவணமாகும். இதற்கு நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் தேவையில்லை. தண்டிக்கப்படாதவர் மீதும் அது திறக்கப்படலாம். குறிப்பிட்ட காலத்துக்கு மேல் அதைத் தொடர வேண்டுமானால் உயர் அதிகாரி காரணங்களைப் பரிசீலித்து ஆணையிட வேண்டும் என்று தமிழ்நாட்டின் காவல் நிலையாணைகள் கூறினாலும், அந்த நீட்டிப்பு இயந்திரகதியில் நடப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் கண்டித்துள்ளது. பெயர் ஏட்டில் இருக்கும்வரை இரவில் கதவு தட்டப்படும். தேர்தலுக்கும் திருவிழாவுக்கும் முன்பாக நிலையத்துக்கு அழைப்பு வரும். பக்கத்துத் தெருவில் நடந்த சண்டைக்கு முதலில் தேடப்படுபவர் அவராகவே இருப்பார்.

கண்காணிப்பு ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. பிணையில் வருபவருக்கு இடப்படும் நிபந்தனைகளுள் பரவலானது, நாள்தோறும் காலை 10.30 மணிக்கு நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்பதாகும். வடசென்னையின் கூலி வேலைகள் எந்த நேரத்தில் தொடங்குகின்றன என்பதை அறிந்த எவருக்கும் இந்த நிபந்தனையின் விலை புரியும். கண்டெய்னர் கிடங்கிலோ கட்டடப் பணியிலோ காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போனவர் பத்து மணிக்குக் கிளம்பினால், அன்றைய கூலியோடு மறுநாள் வேலையும் போய்விடும். நிறுவன வேலைகளிலோ காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று கேட்கப்படுகிறது. ஏடு அங்கேயும் குறுக்கே நிற்கிறது.

இதனினும் கடுமையானது நன்னடத்தைப் பிணைப்பத்திரம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 110 ஆகிய பிரிவுகளின்கீழ் (புதிய சட்டத்தில் 126, 129) இனி நன்னடத்தையோடு இருப்பதாக உறுதியளிக்கும் இதனை நிர்வாக நடுவர் ஒருவர் எழுதி வாங்கலாம். 110ஆம் பிரிவின்கீழ் எழுதப்படும் பத்திரம் மூன்றாண்டுகள் வரை நீளலாம். தமிழ்நாட்டில் அந்த நடுவர் அதிகாரம் அரசாணைகள் வழியே காவல் துணை ஆணையர்களுக்கே வழங்கப்பட்டிருந்தது; குற்றம் சாட்டும் துறையே பத்திரத்தை வாங்கி, அது மீறப்பட்டதா என்பதையும் தானே முடிவுசெய்து, சிறைக்கும் அனுப்பியது. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணைகளை அரசமைப்புக்கு முரணானவை என ரத்து செய்தமை, சிறைச் சீர்திருத்தம் என்ற பெயர் தாங்காமலேயே, அண்மைக் காலத்தின் மிகப் பெரிய சீர்திருத்தங்களுள் ஒன்றாகும்.

ஏடுகளால் மக்களை ஆளும் பழக்கம் இங்கு புதிதன்று. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு நீட்டிக்கப்பட்டபின், முழுச் சமூகங்களே பதிவேட்டில் ஏற்றப்பட்டன; அதனை எதிர்த்த பிரமலைக் கள்ளர்கள் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுடப்பட்டனர். அந்நாளில் இச்சமூகங்களுக்கான சீர்திருத்தக் குடியிருப்புகளை அரசுக்காக நடத்தியவற்றுள் ஒரு தொண்டு அமைப்பும் இருந்தது என்பதை இன்றைய நிறுவனங்கள் ஆழ்ந்து எண்ண வேண்டும். இரட்சணிய சேனை, அன்று சென்னை மாகாணத்தில் இருந்த ஸ்டூவர்ட்புரம் போன்ற இடங்களில், இரக்கத்தின் பெயரால் காவலாளியின் வேலையையே செய்தது. பதிவேட்டைக் கேள்வி கேட்காமல் பதிவேட்டிலுள்ள மனிதரை மட்டும் திருத்த முற்படும் தொண்டு அந்த இடத்தில்தான் போய் நிற்கும். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. ஆனால் அடுத்த ஆண்டே வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது.

தெருவில் மாமூல் கொடுத்து வாழும் கடைக்காரருக்கும், முன்விரோதக் கொலையில் மகனை இழந்த தாய்க்கும் குற்றம் பற்றிய அச்சம் உண்மையானது. அவர்களும் இதே குடியிருப்புகளில்தான் வாழ்கின்றனர். ஆனால் பதினெட்டு வயதில் ஓர் அடிதடி வழக்கில் சிக்கியவரை முப்பது வயதிலும் அதே பட்டியலில் வைத்திருப்பதால் அந்தக் கடைக்காரருக்குப் பாதுகாப்பு கூடுவதில்லை. வேலை கிடைக்காமல் கும்பலின் கூலிக்குத் திரும்பும் ஆட்களின் எண்ணிக்கையே கூடுகிறது.

உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம், டெல்லிக் காவல்துறை தொடர்பான அமானத்துல்லா கான் வழக்கில், பின்தங்கிய சமூகங்களைச் சேர்ந்தவர்கள் மீது இயந்திரகதியில் சரித்திரப் பதிவேடு திறக்கப்படக் கூடாது என்றும், இணை ஆணையர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவ்வேடுகளைக் காலமுறையில் தணிக்கை செய்ய வேண்டும் என்றும் கூறி, பிற மாநிலங்களும் இதைப் பரிசீலிக்கப் பணித்தது. அதே ஆண்டு அக்டோபரில், சுகன்யா சாந்தா வழக்கில், சிறைகளில் நிலவிய சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த அமர்வு, சிறைக் கையேடுகளில் 'வழக்கக் குற்றவாளி' என்ற வகைப்பாடு சட்டப்படியான வரையறைக்கு மட்டுமே உட்பட வேண்டும் என்றது. இவ்விரு தீர்ப்புகளையும் கையிலெடுத்து, புளியந்தோப்பு, திருவொற்றியூர், எண்ணூர் நிலையங்களின் பதிவேடுகள் எப்போது, யாரால் தணிக்கை செய்யப்பட்டன என்று கேட்பதும், ஏடு நீட்டிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதற்குரியவருக்குக் காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்கப்பட வேண்டும் எனக் கோருவதும் தொண்டு நிறுவனங்களால் இன்றே செய்யக்கூடிய பணி.