புது வண்டி... 70 வளைவு... நடுவழியில் 'மக்கர்'! - கையில் காகிதம் இருந்தால்தான் நியாயம்

கொல்லிமலை:

சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஹேண்டில் பாரில் மாலை. ஹெட்லைட்டில் சந்தனம், குங்குமம். "நல்லபடியா ஓடணும் சாமி" என்று கற்பூரம் காட்டிவிட்டு, நாமக்கல்லில் வாங்கிய புது வண்டியோடு மலைக்குத் திரும்புகிறார் ஒருவர். காரவள்ளி அடிவாரம் வரை வண்டி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வருகிறது. அதற்கு மேல்தான் விஷயமே இருக்கிறது.

அடிவாரத்திலிருந்து மலை உச்சிக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். புது வண்டிக்கு உண்மையான பரீட்சை ஷோரூமில் நடப்பதில்லை. இந்த வளைவுகளில்தான் நடக்கிறது. தரையில் ஓடும்போது வாயே திறக்காத குறை, மலையில் ஏறியதும் கத்த ஆரம்பிக்கிறது.

அப்படிக் கத்தும்போது, கீழே சர்வீஸ் சென்டரில் கிடைக்கும் பதில் ஒன்றே ஒன்றுதான். "மலையில ஓட்டினா அப்படித்தான் சார்!"

இந்தப் பதில் சரியா? பாதி சரி. மீதிப் பாதி ஏமாற்று. எது எந்தப் பாதி என்று தெரியாததால்தான் வண்டி வாங்கியவர் தோற்றுப் போகிறார்.

மலை கண்டுபிடிக்கும் குறைகள்

ஏறும்போது என்ஜினுக்கு வேலை அதிகம். வேகம் குறைவு, சூடு அதிகம். ரேடியேட்டர் ஓசில் சின்னக் கசிவு இருந்தாலும் வெளியே வந்துவிடும். பெட்ரோல் பம்ப் சரியாகத் தள்ளவில்லை என்றால் வளைவின் நடுவில் வண்டி நின்றுவிடும். பின்னால் பஸ், முன்னால் லாரி, பக்கத்தில் பள்ளம். அங்கே வண்டி நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இறங்கும்போது பிரேக்குக்கு வேலை. விடாமல் மிதித்தால் டிரம், டிஸ்க் எல்லாம் கொதிக்கும். பிரேக் ஆயிலில் ஈரம் ஏறியிருந்தால் அந்தச் சூட்டில் ஆவிக் குமிழிகள் கிளம்பும். அப்புறம் மிதித்தாலும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

புது வண்டியில் இன்னொரு விஷயமும் உண்டு. புது பிரேக் ஷூ டிரம்மோடு நன்றாகப் பதிய, கொஞ்ச தூரம் நிதானமாக ஓட்ட வேண்டும். முதல் நாளே அன்னாசியும் வாழைத்தாரும் லோடு ஏற்றி மலை இறங்குவது ஆபத்து.

கம்பெனிகளே ஒப்புக்கொண்டவை

"பெரிய கம்பெனி வண்டி, அதில் குறை வருமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வரும் என்று கம்பெனிகளே சொல்லியிருக்கின்றன.

சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் ராயல் என்பீல்டு, 2021 மே மாதம் 2,36,966 மோட்டார் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. காரணம் இக்னிஷன் காயில். என்ஜின் தடுமாறலாம், அபூர்வமாக ஷார்ட் சர்க்யூட்டும் ஆகலாம் என்றார்கள். பத்து சதவீதத்துக்கும் குறைவான வண்டிகளுக்குத்தான் பாகம் மாற்ற வேண்டியிருக்கும் என்றும் கம்பெனி சொன்னது.

அதே வருடம் டிசம்பரில் மறுபடியும் ஒரு அழைப்பு. இந்த முறை சுமார் 26,300 கிளாசிக் 350 வண்டிகள். 2021 செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 5 வரை தயாரானவை. பின் பிரேக்கைத் தாங்கும் ஒரு பிராக்கெட், பிரேக்கை அளவுக்கு மீறி அழுத்தினால் சேதமடையலாம் என்பது புகார். கொல்லிமலையில் இறங்கும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய செய்தி ஏது?

கார்களும் தப்பவில்லை. 2020 ஜூலையில் மாருதி கம்பெனி, பெட்ரோல் பம்ப் சந்தேகத்தால் 1,34,885 வேகன்-ஆர், பலேனோ கார்களைத் திரும்ப அழைத்துப் பார்த்தது.

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் தொழிற்சாலை நடத்தும் ஓலா எலக்ட்ரிக், 2023 மார்ச்சில் ஸ்கூட்டர்களின் முன் ஃபோர்க்கை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. முன் ஃபோர்க் உடைந்ததாகப் புகார்கள் வெளியான பிறகு வந்த அறிவிப்பு அது. அடுத்த வருடம், 2024 அக்டோபரில், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்தக் கம்பெனிக்கு நோட்டீஸ் விட்டது. தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு ஒரே வருடத்தில் வந்த புகார்கள் 10,644. சர்வீஸ் தாமதம் என்று மட்டும் ஆயிரக்கணக்கில் புகார். 99.1 சதவீதப் புகார்களைத் தீர்த்துவிட்டோம் என்று கம்பெனி பதில் சொன்னது.

எங்கே நழுவுகிறது?

ஒரு வண்டியின் எல்லா பாகத்தையும் ஒரே தொழிற்சாலை செய்வதில்லை. பம்ப் ஒரு ஊரிலிருந்து வரும், காயில் இன்னொரு ஊரிலிருந்து வரும். ஏதோ ஒரு வாரம் வந்த சரக்கு மட்டம் என்றால், அந்த வாரம் பூட்டிய வண்டி எல்லாம் மட்டம்தான். கம்பெனிகள் திரும்ப அழைக்கும்போது "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை" என்று கணக்கு சொல்வது இதனால்தான். ஒரே நாளில் ஒரே ஷோரூமில் வாங்கிய இரண்டு வண்டிகளில் ஒன்று தங்கம், ஒன்று தகரம் என்று ஆவதும் இதனால்தான்.

அடுத்த வடிகட்டி ஷோரூம். வண்டியை ஒப்படைக்கும் முன்பு நட்டு, போல்ட், ஆயில், பிரேக், பேட்டரி எல்லாம் பார்த்து டிக் அடிக்க ஒரு தாள் உண்டு. பண்டிகை நாளில் வரிசையாக வண்டி போகும்போது அந்த டிக் எவ்வளவு அக்கறையாக விழும் என்பது வாசகர்களுக்கே தெரியும்.

சரி, ஆர்.டி.ஓ. ஆபீசில் பார்ப்பார்களே என்றால், அதுவும் இல்லை. அங்கீகாரம் பெற்ற டீலர் விற்ற புது வண்டியை முதல் பதிவுக்கு நேரில் கொண்டுபோய்க் காட்டத் தேவையில்லை என்று 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சொல்கிறது. அப்படியே காட்டினாலும், பெட்ரோல் பம்பைக் கழற்றிப் பார்க்க யாருக்கு நேரம்?

ஆக, கடைசி இன்ஸ்பெக்டர் யார்? காரவள்ளிக்கு மேலே இருக்கும் அந்த 70 வளைவுகள்தான்!

தேய்மானமா, குறையா?

இங்கேதான் அந்தப் "பாதி சரி" வருகிறது.

கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, டயர் போன்றவை தேயும் பொருட்கள். இவற்றின் தேய்மானம் பொதுவாக வாரண்டியில் சேராது. பாதி கிளட்சைப் பிடித்துக்கொண்டே மலை ஏறினால் பிளேட் சீக்கிரம் போகும். அதற்குக் கம்பெனியைத் திட்டிப் பயன் இல்லை.

ஆனால் ஓசு கசிவது, பம்ப் நிற்பது, காயில் எரிவது, பிராக்கெட் விரிசல் விடுவது, மாற்றிய பாகமே மறுபடியும் போவது எல்லாம் தேய்மானம் அல்ல. மலைப் பாதையும் அரசாங்கம் போட்ட ரோடுதான். மலையில் ஓட்டக்கூடாது என்று எழுதியா வண்டியை விற்றார்கள்?

தயாரிப்பு விதிகளுக்கு உட்பட்டது, ரோட்டில் ஓடத் தகுதியானது என்று கம்பெனியே கையெழுத்துப் போட்டு 'படிவம் 22' என்ற சான்று தருகிறது. ஆர்.சி. புத்தகத்துக்காக அதை ஷோரூமிலேயே விட்டுவிட்டு வருகிறோம். அதற்கு ஒரு நகல் வாங்கி வைப்பது நல்லது.

வாய்ப்பேச்சு வேண்டாம், ஜாப் கார்டு வாங்கு!

மலையிலிருந்து நாமக்கல்லுக்கு வண்டியைக் கொண்டு வருவது என்றாலே ஒரு நாள் வேலை போய்விடும். சேலம் என்றால் இன்னும் தூரம். வண்டி நின்றாலும் ஃபைனான்ஸ்காரரின் டியூ நிற்காது. அந்த அவசரத்தில் பலர் செய்யும் தவறு ஒன்றுதான்.

"சின்ன விஷயம்ண்ணே, அஞ்சு நிமிஷத்துல பாத்துடறேன்" என்று மெக்கானிக் சொல்வார். பார்த்தும் கொடுப்பார். காகிதம் இருக்காது. மூன்று முறை இப்படி ஆகும். நான்காவது முறை சண்டை வரும்போது, "இதுக்கு முன்னாடி நீங்க கம்ப்ளெயிண்ட்டே கொடுக்கலையே" என்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுவார்கள். ஆள் ஊமையாகிவிடுவார்.

ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டு வேண்டும். "பொது சர்வீஸ்" என்று எழுதினால் ஒத்துக்கொள்ளக் கூடாது. "10-வது வளைவில் என்ஜின் நின்றது" என்று நடந்தது நடந்தபடி எழுத வேண்டும். தேதி, ஓடிய கிலோ மீட்டர், மாற்றிய பாகம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். வண்டி நின்ற இடத்திலேயே செல்போனில் ஒரு வீடியோ எடுத்தால் இன்னும் பலம். சேசிஸ் நம்பரைச் சொல்லி, "இந்த நம்பருக்குக் கம்பெனி திரும்ப அழைப்பு ஏதாவது இருக்கா?" என்றும் கேட்க வேண்டும். அழைப்பு இருந்தால் அந்த வேலைக்குக் காசு கிடையாது. செகண்ட் ஹேண்டில் வாங்கியவருக்குக் கம்பெனி கடிதம் வந்து சேராமல் போகலாம்; அவர் கட்டாயம் கேட்க வேண்டும்.

சட்டம் யார் பக்கம்?

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வண்டி வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி டில்லியில் இருந்தாலும் சரி, மும்பையில் இருந்தாலும் சரி, கொல்லிமலைக்காரர் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் போதும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே இல்லை. பிரச்சினை ஆரம்பித்த இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வழக்குக்கு முன்பு 1915 என்ற நம்பரில் புகார் சொல்லிப் பார்க்கலாம்.

சரக்கு வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. வியாபாரத்துக்கு வாங்கிய வண்டிக்கு இந்தச் சட்டம் உதவாது. ஆனால் சொந்தப் பிழைப்புக்காக, சுயதொழிலாக ஓட்ட வாங்கியவர் நுகர்வோர்தான். ஒரு மினி லாரி வைத்துத் தானே மிளகு, பலாப்பழம் ஏற்றி ஓட்டுகிறவர் தைரியமாகப் போகலாம்.

உயிருக்கு ஆபத்தான குறை என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 110-ஏ பிரிவின் கீழ் அரசாங்கமே வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லலாம். 2021 ஏப்ரல் 1 முதல் இதற்கான விதிகள் நடைமுறையில் உள்ளன. அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை.

புது வண்டியே மாற்றித் தருவார்களா?

இங்கே கொஞ்சம் கசப்பு மருந்து. மாருதி கார் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 2006-ல் சுப்ரீம் கோர்ட்டு, குறையுள்ள பாகத்தை மாற்றினால் போதும், முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்று கூறியது. வாரண்டியில் எழுதியிருந்தது அதுதான். எனவே "வேற வண்டி கொடு" என்று மட்டும் கேட்காமல், பாகம் மாற்றுவது, அலைந்த செலவு, இழந்த வருமானம் என்று பிரித்துக் கேட்பது புத்திசாலித்தனம். தயாரிப்பிலேயே கோளாறு என்று நிரூபிக்க நிபுணர் அறிக்கையும் தேவைப்படும். அந்த நிபுணர் முதலில் கேட்பது, திரும்பத் திரும்ப ஒரே குறை எழுதிய ஜாப் கார்டுகளைத்தான்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே அடிக்கடி பழுதாகும் புது வண்டிக்குப் பெயரே 'எலுமிச்சை'! 1982-ல் கனெக்டிகட் மாநிலம் முதலில் 'எலுமிச்சைச் சட்டம்' கொண்டு வந்தது. ஒரே குறையை நான்கு முறை பார்த்தும் தீராவிட்டால், அல்லது வண்டி 30 நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தால், வேறு வண்டியோ பணமோ கேட்கலாம். நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது.

நம் ஊரில் எலுமிச்சம்பழம் சக்கரத்துக்கு அடியில் நசுங்குகிறது. நசுங்கட்டும், சாமி நம்பிக்கையை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் பூஜை முடிந்து மலை ஏறும் முன்பு பில், வாரண்டி புத்தகம், படிவம் 22 நகல், பிறகு வரப்போகும் ஜாப் கார்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வீட்டில் பத்திரமாக வைக்க வேண்டும். மலையில் வண்டியைக் காப்பாற்றுவது பிரேக். ஆணையத்தில் ஆளைக் காப்பாற்றுவது அந்தப் பை!