பச்சைப் பொய்

'நெட் இருக்காடா?' நம் லேபில் தினம் பத்து தடவையாவது காதில் விழும் கேள்வி. இதற்குப் பதில் சொல்லவே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்தவன் நான். அது என் நண்பனின் படிப்பையே கவிழ்க்கப் பார்த்த கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாலே வரி பேட்ச் ஃபைல்தான். கூகுளின் டி.என்.எஸ். சர்வரான 8.8.8.8க்கு பிங் போகும். பிங் கட்டளை பூஜ்யத்தைத் திருப்பித் தந்தால் 'இணைப்பு உண்டு' என்று திரை பச்சையாகும்; வேறு எண் வந்தால் சிவப்பு. எழுதி முடித்த அன்று எனக்கிருந்த பெருமை இருக்கிறதே... விடுங்கள்.

நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேர்க்கைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். காலையில் நண்பன் வந்து உட்கார்ந்தான். பக்கம் திறக்கவில்லை. மூலையில் இருந்த விண்டோஸ் படம் 'இன்டர்நெட் இல்லை' என்றது. என் ஸ்கிரிப்டோ பச்சை! 'அந்தப் படம் அப்படித்தான் எதையாவது காட்டும். அவங்க சர்வர்தான் படுத்துடுச்சு, சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும்' என்று தீர்ப்பு சொன்னதும் நான்தான். வகுப்புக்குப் போவதும் வந்து பார்ப்பதுமாக மூணு மணி ஆகிவிட்டது. கடைசியில் லேப் அசிஸ்டென்ட் அண்ணன் எட்டிப் பார்த்து, 'ஏம்ப்பா, ரவுட்டர்ல லைட்டே எரியலையே!' என்றார்.

எப்படி வந்தது இந்தப் பச்சை? ரவுட்டர் செத்துக் கிடந்ததால், 'போய்ச் சேர வழியில்லை' என்று நம் கம்ப்யூட்டரே தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டது. விண்டோஸ் பிங் அதையும் பதில் கணக்கில்தான் சேர்க்கும். நாலு அனுப்பினேன், நாலும் வந்தது, இழப்பு 0%! திருப்பித் தரும் எண்ணும் பூஜ்யமே. உண்மையான பதிலில்தான் டி.டி.எல். என்ற எழுத்துகள் இருக்கும். அதைத் தேடியிருக்க வேண்டும். நான் தேடவில்லை.

பிங்கைக் குறை சொல்ல மாட்டேன். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர், நெட்வொர்க்கில் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க எழுதிய கருவி அது. நீர்மூழ்கியைத் தேடும் சோனார் ஒலிதான் பெயருக்குக் காரணம். அந்தப் பக்கத்திலிருந்து எதிரொலி வருகிறதா என்பதோடு அதன் வேலை முடிந்தது. எதிரொலி வந்தாலும் டி.என்.எஸ். வேலை செய்யாவிட்டால் ஒரு பக்கமும் திறக்காது. சில இடங்களில் ஃபயர்வால் பிங்கை மட்டும் தடுத்துவிடும்; நெட் நன்றாகவே ஓடும். ஒரே முகவரியை நம்புவதும் ஆபத்து. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகம் முழுக்கக் காணாமல் போனது. அதை மட்டும் வைத்துச் சோதித்த ஸ்கிரிப்ட் அன்று என்ன சொல்லியிருக்கும்?

நான் அலட்சியப்படுத்திய அந்த மூலைப் படம் எப்படிச் சரியாகச் சொன்னது தெரியுமா? விண்டோஸ் மைக்ரோசாஃப்டின் ஒரு முகவரியிலிருந்து சின்ன டெக்ஸ்ட் ஃபைலை வாங்கி, உள்ளே 'மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்' என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று ஒப்பிடுகிறது. பொது வைஃபையில் எதைக் கேட்டாலும் லாகின் பக்கத்தை நீட்டுவார்களே, அந்த ஏமாற்றும் இதில் பிடிபட்டுவிடும். ஆண்ட்ராய்டு போன் 204 என்ற எண்ணோடு வெற்றுப் பதில் வருகிறதா என்று பார்க்கிறது.

நம் ரெக்கார்ட் நோட்டில் என்ன எழுதுகிறோம்? நன்றாக ஓடிய அவுட்புட்டை மட்டும் ஒட்டி, கையெழுத்து வாங்கிவிடுகிறோம். பிராக்டிகல் தேர்வில் கேபிளைப் பிடுங்கி, ரவுட்டரை அணைத்து, 'இப்ப ஓட்டிக் காட்டு' என்று கேட்க வேண்டும், மார்க்கும் அதற்குத்தான் போட வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. என் ஸ்கிரிப்டை நான் ஒரு நாள்கூட அப்படிச் சோதிக்கவில்லை.

நண்பன் அன்று இரவு பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்துவிட்டான், தப்பித்தேன்! திருத்திய ஸ்கிரிப்ட் லேபில் மூன்றாவது சிஸ்டத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கேபிளைப் பிடுங்கிப் பார்க்கலாம். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.