கழியைக் கற்பது

கயாக் எனப்படும் ஒடுங்கிய துடுப்புப் படகில், ஒரு வழிகாட்டியின் பின்னால் வரிசையாகச் சென்று கடலோர நீர்நிலைகளை அறிந்துகொள்ளும் பயணங்கள் இன்று பல நாடுகளில் பெருகியிருக்கின்றன. இவை சூழலியலைக் கற்பிக்கின்றன என்பது அவற்றை நடத்துபவர்களின் தரப்பு. கற்பிக்க முடியும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எதைக் கற்பிக்கின்றன என்பதில்தான் எனக்குக் கேள்வி இருக்கிறது.

நான் மனதில் கொண்டிருப்பது அமெரிக்காவின் கிழக்குக் கரையை, மேரிலாந்து மாநிலத்தின் கடலோரத்தை. அங்கே அஸ்ஸட்டீக் என்ற மணல்தீவு ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் நீளத்துக்குக் கரைக்கு இணையாகக் கிடக்கிறது. தீவுக்கும் நிலத்துக்கும் இடையே இருப்பது ஷிங்கட்டீக் பே. இதை வளைகுடா என்று மொழிபெயர்த்தால் தவறான சித்திரமே எழும். கழி என்ற நம் பழஞ்சொல்தான் சரி. சராசரி ஆழம் நான்கடி அளவே. பெரிய ஆறு எதுவும் இதில் வந்து கலப்பதில்லை. கடலோடு உறவு வடக்கிலும் தெற்கிலும் உள்ள இரு முகத்துவாரங்கள் வழியாக மட்டுமே. ஆகவே உள்ளே வந்து சேர்ந்தது எளிதில் வெளியேறுவதில்லை. வயல்களின் உரமும் கோழிப்பண்ணைகளின் எருவும் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிகளின் கசிவும் ஓடைகள் வழியாகவும் நிலத்தடி நீர் வழியாகவும் வந்து தங்கிவிடுகின்றன. அவற்றை உண்டு பாசி பெருகுகிறது. நீர் கலங்குகிறது. அடியிலுள்ள கடற்புல் ஒளியின்றி மடிகிறது. நீல நண்டின் குஞ்சுகள் ஒளிந்து வளர்வது அந்தப் புல்லுக்குள்தான்.

இப்படிப்பட்ட நீரை அறியக் கயாக்கைவிடச் சிறந்த கருவி இல்லை. விசைப்படகு நுழைய முடியாத இடங்களில் அது நுழையும். துடுப்பைச் செங்குத்தாக இறக்கினால் பல இடங்களில் தரை தட்டும். ஓதத்தை எதிர்த்துத் துழாவிய தோள்களுக்கு முகத்துவாரம் என்றால் என்ன என்று தனியாக விளக்கவேண்டியதில்லை. உடல் இப்படி அறிந்ததை எந்தப் பாடநூலும் தந்துவிட முடியாது.

ஆனால் இப்பயணங்களை விளம்பரப்படுத்தும் படங்களில் இருப்பவை தீவில் திரியும் குதிரைகள். அடுத்து நாரைகளும் மீன்பிடிப் பருந்துகளும். மனிதக் கை படாத இயற்கை என்ற பழைய வாசகம் ஏதேனும் ஒரு வடிவில் வந்துவிடுகிறது. அந்த வாசகம் அங்கே பொருந்தாது என்பதே நான் சொல்ல விரும்புவது.

வடக்கு முகத்துவாரத்தை 1933 ஆகஸ்டில் ஒரு புயல் திறந்தது. அதை மூடவிடாமல் கல் அணைகள் கட்டினார்கள். கரையோரமாகத் தெற்கே நகர்ந்துவந்த மணல் அவற்றில் தடைபட்டது. மணல்வரத்து இழந்த அஸ்ஸட்டீக்கின் வடமுனை இன்று அரைக் கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே நகர்ந்திருக்கிறது. 1950களில் அதே தீவு மனைகளாகப் பிரித்து விற்கப்பட்டது, சாலையும் போடப்பட்டது. 1962 மார்ச்சில் வீசிய புயல் அவற்றைச் சிதைத்த பிறகே அங்கே நகரம் கட்டும் எண்ணம் தளர்ந்தது. 1965இல் தீவு தேசியக் கடற்கரையாக அறிவிக்கப்பட்டது. எல்லோரும் படமெடுக்கும் அந்தக் குதிரைகள்கூட மனிதர் கொண்டுவந்த விலங்கின் வழித்தோன்றல்கள். அவை சதுப்புப் புல்லை மேய்ந்து அழிக்காமலிருக்க, மேரிலாந்துப் பகுதியில் 1994 முதல் பல ஆண்டுகள் கருத்தடை ஊசி செலுத்தி அவற்றின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினார்கள். ஆலாப் பறவைகள் கூடுகட்டும் மணல்திட்டுகள் கரைந்துவிட்டதால், 2021 முதல் கழியில் செயற்கை மிதவை அமைத்து அவற்றுக்கு இடம் தருகிறார்கள்.

பயணம் வந்தவர்கள் ஓய்வை நாடி வந்தவர்கள், அவர்கள்மேல் வரலாற்றையும் குற்றவுணர்வையும் ஏற்றவேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். குற்றவுணர்வு யாரையும் எதையும் செய்யவைத்ததில்லை என்பதே என் எண்ணமும். ஆனால் தீண்டப்படாத அழகு என்று நம்பிச் செல்பவர், அந்த அழகு தானாகவே தன்னைக் காத்துக்கொள்ளும் என்றும் நம்பிவிடுகிறார். இது மனிதர்கள் கெடுத்த இடம், சில இடங்களில் மனிதர்களே சரிசெய்த இடம் என்று அறிந்தவருக்கோ தன் பங்கு என்ன என்ற கேள்வி எழுகிறது. அது சுமையல்ல, இயற்கையோடு ஒருவருக்கு அமையக்கூடிய முதிர்ந்த உறவு.

சரிசெய்த கதையும் அருகிலேயே இருக்கிறது. இந்தத் தீபகற்பத்தின் தெற்கு நுனியில், வர்ஜீனியா மாநிலத்துக் கழிகளில், 1930களின் தொடக்கத்தில் ஒரு நோய் கடற்புல்லைத் தாக்கியது; 1933 புயல் எஞ்சியதையும் அழித்தது. ஸ்காலப் சிப்பித் தொழில் அதோடு முடிந்தது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே நீரடி வெறும் சேறாகவே கிடந்தது. 1999 முதல் ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் வசந்தத்தில் விதை சேகரித்து, இலையுதிர்காலத்தில் தூவினார்கள். இருபது ஆண்டுகளில் தூவியவை ஏழு கோடிக்கும் மேற்பட்ட விதைகள். இன்று அங்கே 3,600 ஹெக்டேர் அளவுக்குப் புல்வெளி இருக்கிறது. ஸ்காலப்பும் திரும்பியிருக்கிறது. அதே இனப் புல்தான் ஷிங்கட்டீக் கழியிலும் 1990களில் பரவியது. 2000களில் மீண்டும் சுருங்கத் தொடங்கியது.

இந்த வேறுபாட்டைத்தான் வழிகாட்டிகள் சொல்லவேண்டும். வெப்பம் இரு இடங்களிலும் கூடுகிறது. ஆனால் தெற்கே கழிகளைக் கடல்நீர் தாராளமாகக் கழுவிச் செல்கிறது, அவற்றில் வடியும் நிலப்பரப்பு சிறியது, வீடுகள் குறைவு. வடக்கே வடிவது பண்ணைகளின் நீர், விடுமுறை வீடுகளின் நீர். அந்த வீடுகளில் ஒன்றில் தங்கித்தான் பலர் கயாக் பயணத்துக்கே வருகிறார்கள். குதிரையைக் காட்டுவதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியை, கரையில் நிற்கும் அந்த வீடுகளைக் காட்டச் செலவிட்டால் போதும். கழியைப் பற்றிய பாடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.